வீட்டில் பதிவு செய்த டிவிடி மற்ற பிளேயர்களில் ஓடுவதற்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லைக்கு அருகில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் வீடியோ எடுக்கும் வேலையும் பழைய கேசட்டுகளை மாற்றித் தரும் வேலையும் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். வேலந்தாவளம் வழியாகவும் கோபாலபுரம் வழியாகவும் எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள், மஞ்சள் பைக்குள்ளிருந்து எடுத்து மேசையில் வைப்பது பெரும்பாலும் ஒரே பொருள்தான்: ஒரு காலத்தில் வீட்டு ரெக்கார்டரிலோ ஹேண்டிகேமிலோ கம்ப்யூட்டரிலோ பதிவு செய்து, இப்போது எங்கே போட்டாலும் ஓடாத ஒரு டிவிடி. "கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டிக்கொண்டே வருகிறார்கள். நான் பார்த்தவரையில் அவற்றில் பெரும்பாலானவை கெட்டவை அல்ல, பாதியில் விடப்பட்டவை. கெட்டது என்று நினைத்து யாரும் அவற்றைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே, திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஏனுங்கண்ணா, எங்க வீட்டு ரெக்கார்டர்ல நல்லா ஓடுற கல்யாண டிவிடி, அக்கா வீட்டு பிளேயர்ல போட்டா "நோ டிஸ்க்"னு காட்டுது. கெட்டுப்போச்சுங்களா?

இல்லை. அந்தத் தட்டு மூடப்படாமல் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃபைனலைஸ்' என்று சொல்லும் வேலை அதற்கு நடக்கவில்லை. எந்த டிவிடியைப் போட்டாலும் பிளேயர் முதலில் தேடுவது தட்டின் உள்விளிம்பில் இருக்கவேண்டிய தொடக்கப் பகுதியை. இது எந்த வகைத் தட்டு, எதுவரை பதிவு இருக்கிறது என்பதை அங்கிருந்துதான் அது தெரிந்துகொள்கிறது. அதற்குப் பிறகு எந்தப் படம் எங்கே தொடங்குகிறது என்ற பட்டியலைத் தேடுகிறது. பதிவு நடந்துகொண்டிருக்கும்போது ரெக்கார்டர் இவற்றை எழுதுவதில்லை, ஏனென்றால் நீங்கள் இன்னும் எவ்வளவு பதியப்போகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. தனக்கு மட்டும் புரிகிற குறிப்பை ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்கிறது. ஆகவே பதிந்த ரெக்கார்டரில் ஓடும் தட்டு, அக்கா வீட்டுப் பிளேயருக்கு வெற்றுத் தட்டாகத் தெரிகிறது.

தட்டைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊதா நிறப் பரப்பில், நடுவிலிருந்து ஓர் அளவு வரை நிறம் சற்று மாறி, ஒரு வட்டக் கோட்டில் நின்று, அதற்கு வெளியே பழைய நிறமே தொடர்வது தெரியும். அந்தக் கோடு வரை உங்கள் கல்யாணம் பதிந்திருக்கிறது. "நோ டிஸ்க்" என்று எத்தனை பிளேயர்கள் சொன்னாலும், கண்ணுக்குத் தெரிகிற அந்த வளையம் இருக்கும்வரை நம்பிக்கையை விடவேண்டாம்.

அந்த ஃபைனலைஸ் எப்படிப் பண்ணுறதுங்க? பண்ணுனா உள்ள இருக்கிறது அழிஞ்சு போயிருமா?

அழியாது. எந்த ரெக்கார்டரில் பதிந்தீர்களோ அதிலேயே தட்டைப் போட்டு, ரிமோட்டில் 'செட்டப்' அல்லது 'டிஸ்க்' என்று இருக்கும் பகுதிக்குள் சென்றால் 'ஃபைனலைஸ்' என்ற சொல் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து ஒப்புதல் கொடுத்தால் போதும். சில நிமிடங்கள் முதல் அரை மணி நேரம் வரை ஆகலாம். தட்டில் குறைவாகப் பதிந்திருந்தால் சில இயந்திரங்களில் அதிக நேரம் பிடிக்கும், ஏனென்றால் மீதி வெற்றிடத்தையும் அது நிரப்பி முடிக்கிறது. ஒருமுறை மட்டும் எழுதும் தட்டாக இருந்தால், மூடிய பிறகு அதில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. திரும்ப எழுதும் வகையாக இருந்தால், பல ரெக்கார்டர்களில் மூடியதைத் திறக்கவும் வழி இருக்கிறது.

அந்த நிமிடங்களில் மின்சாரம் போகக் கூடாது என்பதுதான் முக்கியம். ஒரு காதுகுத்து டிவிடியை மூடிக்கொண்டிருந்தபோது எங்கள் ஸ்டுடியோவில் மின்சாரம் போய், திரும்பி வந்ததும் தான் எழுதிய தட்டையே அந்த ரெக்கார்டர் ஏற்க மறுத்துவிட்டது. மூல கேசட் அழிக்கப்படாமல் இருந்ததால் மட்டுமே அந்தக் குடும்பத்துக்குப் படம் கிடைத்தது. அன்றிலிருந்து யூபிஎஸ் இல்லாமல் எந்தத் தட்டையும் நான் மூடுவதில்லை. மழைக்காலத்தில் இடி முழங்கும் மாலை நேரத்தில் நீங்களும் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

ரெக்கார்டரே இப்ப இல்லீங்களே, பழைய சாமான்காரருக்குப் போட்டுட்டோம். இனி என்ன பண்ணுறது?

முதல் வழி, அதே நிறுவனத்தின், முடிந்தால் அதே மாடல் ரெக்கார்டரைச் சொந்தக்காரர்களிடம் தேடுவது. வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் ஒரே காலத்தில் ஒரே மாதிரி இயந்திரங்களைக் கொண்டுவந்ததால், நம் பக்கத்தில் இது நினைப்பதைவிட எளிதாகக் கைகூடுகிறது. அந்த இயந்திரம் தட்டை அடையாளம் கண்டு ஓட்டினால், அங்கேயே மூடிவிடலாம். ஆனால் தட்டைப் போட்டவுடன் அது 'ஃபார்மட்' அல்லது 'இனிஷியலைஸ்' செய்யட்டுமா என்று கேட்டால், 'வேண்டாம்' என்று சொல்லி வெளியே எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது வழி கம்ப்யூட்டர். மூடப்படாத தட்டுகளைப் படித்து உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும் மென்பொருள்கள் உண்டு. ஐசோபஸ்டர் அவற்றில் பலரும் பயன்படுத்துவது. எல்லா டிவிடி டிரைவும் மூடாத தட்டைப் படிக்க இசைவதில்லை என்பதால், ஒரு டிரைவ் மறுத்தால் வேறு ஒன்றில் போட்டுப் பார்க்கவேண்டும். மேலே சொன்ன வளையம் தெரிகிற தட்டுகளில் இந்த வழி பல முறை எனக்குப் பலன் தந்திருக்கிறது. பழைய ரெக்கார்டர் இன்னும் வீட்டில் இருந்து, ஓட்டுவதற்கு மட்டும் உயிரோடிருந்து, எழுத முடியாத நிலையில் இருந்தால் மூன்றாவது வழியும் உண்டு: அதன் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை, ஓடும் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் கேப்சர் கார்டில் இணைத்து, ஓட ஓட மீண்டும் பதிந்துகொள்ளலாம். தரம் சற்றுக் குறையும், படம் கைக்கு வந்துவிடும்.

கம்ப்யூட்டர்ல போட்டா "வெற்று டிஸ்க்"னு சொல்லி ஃபார்மட் பண்ணவான்னு கேக்குதுங்க. பண்ணலாமா?

கூடாது. எந்த நிலையிலும் கூடாது. மூடாத தட்டைக் கம்ப்யூட்டர் வெற்றுத் தட்டு என்று நினைப்பதால்தான் அந்தக் கேள்வி வருகிறது. திரும்ப எழுதும் தட்டில் அதற்கு ஒப்புதல் கொடுத்தால், உள்ளே இருப்பது போய்விடும். வீட்டில் சிறுவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும்போது இப்படிப்பட்ட தட்டை அவர்கள் கையில் கொடுக்க வேண்டாம்.

ஃபைனலைஸ் பண்ணியாச்சுங்க. அப்பவும் மத்த பிளேயர்ல வரலையே?

அப்படியானால் பதிவு செய்த முறையைப் பார்க்கவேண்டும். ரெக்கார்டர்களில் 'வீடியோ மோட்', 'விஆர் மோட்' என்று இரண்டு உண்டு. வீடியோ மோடில் பதிந்தால், கடையில் வாங்கும் படத் தட்டைப் போன்ற அமைப்பு உருவாகும். கம்ப்யூட்டரில் திறந்தால் 'வீடியோ டிஎஸ்' என்ற போல்டர் தெரியும். விஆர் மோட், பதிந்த பிறகு நடுவில் வெட்டவும் வரிசையை மாற்றவும் வசதியாக உண்டாக்கப்பட்டது. அதில் 'டிவிடி ஆர்டிஏவி' என்ற போல்டரும், அதற்குள் 'விஆர்ஓ' என்று முடியும் ஒரே பெரிய பைலும் இருக்கும். மூடியிருந்தாலும், அந்த முறையை அறிந்த பிளேயர்கள்தான் அதை ஓட்டும்.

இதற்குத் தீர்வு எளிது. அந்த விஆர்ஓ பைலைக் கம்ப்யூட்டருக்குப் பிரதி எடுங்கள்; விஎல்சி என்ற இலவச பிளேயர் மென்பொருள் அதை ஓட்டும், உள்ளே இருப்பது டிவிடிக்கு வேண்டிய எம்பெக் 2 என்ற முறையில் சுருக்கிய படமே. டிவிடி ஸ்டைலர் போன்ற இலவச மென்பொருளில் அதைக் கொடுத்து, முறையான டிவிடி வீடியோவாக வேறொரு தட்டில் எழுதிக்கொள்ளலாம்.

கடையில மைனஸ் ஆர், பிளஸ் ஆர், ஆர்டபிள்யூன்னு பலது வெச்சிருக்காங்க. எதைங்க வாங்கணும்?

மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு டிவிடி மைனஸ் ஆர் வாங்குங்கள். இரண்டு தனித்தனிக் கூட்டமைப்புகள் இந்த வகைகளை உருவாக்கின. மைனஸ் ஆர் 1997இல் வந்தது, பிளஸ் ஆர் 2002இல் வந்தது. முன்னால் வந்ததால் பழைய பிளேயர்களில் மைனஸ் ஆர் ஓடும் வாய்ப்பு சற்று அதிகம். பிளஸ் ஆர் தட்டுக்கு ஒரு தனி வசதி உண்டு: எழுதும் டிரைவ் இடம் கொடுத்தால், தட்டின் வகையைக் குறிக்கும் 'புக் டைப்' என்ற குறிப்பில் 'பிளஸ் ஆர்' என்பதற்குப் பதிலாக 'டிவிடி ரோம்' என்று, அதாவது அச்சில் வார்த்த கடைத் தட்டு என்று எழுதிவிடலாம். பிளஸ் ஆர் என்றாலே மறுக்கும் பிடிவாதமான பிளேயர்கள் சில இதனால் இசைந்துவிடுகின்றன. 2005க்குப் பின் வந்த பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும்.

திரும்ப எழுதும் வகையான ஆர்டபிள்யூ தட்டை உறவினருக்குக் கொடுக்கப் பயன்படுத்த வேண்டாம். அச்சில் வார்த்த ஓரடுக்குத் தட்டு, தன்மேல் படும் லேசர் ஒளியில் 45 முதல் 85 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ 18 முதல் 30 சதவீதம்தான் அனுப்பும். இரண்டடுக்குத் தட்டும் ஏறக்குறைய அந்த அளவே அனுப்புவதால், பழைய பிளேயர்கள் ஆர்டபிள்யூவைக் கண்டதும் இரண்டாவது அடுக்கைத் தேடிக் குழம்புகின்றன. வீட்டில் ஒத்திகை பார்க்க ஆர்டபிள்யூ நல்லது. ஊருக்குக் கொடுக்க அல்ல.

என்ர பையன் மொபைல் வீடியோவை டிவிடில காப்பி பண்ணிக் குடுத்தான். அவன் லேப்டாப்ல ஓடுது, டிவிக்குக் கீழ இருக்கிற பிளேயர்ல ஓடலைங்க.

அவர் செய்தது பைல்களைத் தட்டில் சேமித்துவைத்தது. டிவிடி படம் உருவாக்கியது அல்ல. மொபைல் தருவது எம்பி 4. சாதாரண டிவிடி பிளேயர் எதிர்பார்ப்பது எம்பெக் 2 முறையில், நம் நாட்டு அளவுப்படி 720க்கு 576 புள்ளிகளும் நொடிக்கு 25 படங்களும் கொண்ட வீடியோவை, வீடியோ டிஎஸ் போல்டருக்குள். முன்பு சொன்ன டிவிடி ஸ்டைலரில் அந்த எம்பி 4 பைல்களைச் சேர்த்தால், அதுவே மாற்றி, பட்டியலும் அமைத்து எழுதிவிடும்.

விண்டோஸில் வெற்றுத் தட்டைப் போட்டதும் 'யூஎஸ்பி பிளாஷ் டிரைவைப் போல', 'சிடி/டிவிடி பிளேயருக்காக' என்று இரண்டு தேர்வுகள் வரும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் வீட்டுப் பிளேயருக்குப் புரியாத அமைப்பு உருவாகும். இரண்டாவது மேலானது என்றாலும், அதைத் தேர்ந்தெடுத்ததால் மட்டும் எம்பி 4 டிவிடி படமாகிவிடாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

மாரியம்மன் நோம்பி முழுசும் ஆறு மணி நேரம் இருக்குதுங்க. ஒரே டிவிடில அடக்கிக் குடுங்களேன்?

அடக்கலாம், ஆனால் அடக்கக் கூடாது. 4.7 ஜிபி என்று உறையில் இருப்பது ஆயிரத்தின் பெருக்கில் கணக்கிட்டது; கம்ப்யூட்டர் காட்டும் கணக்கில் அது ஏறத்தாழ 4.37 ஜிபி. ரெக்கார்டரின் எக்ஸ்பி முறையில் அதில் ஒரு மணி நேரமும், எஸ்பி முறையில் இரண்டு மணி நேரமும், எல்பி முறையில் நான்கு மணி நேரமும், ஈபி முறையில் ஆறு மணி நேரமும் அடங்கும். ஈபியில் பூச்சட்டி எடுத்து வருகிறவர்களின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறும். தீயும் கூட்டமும் அசைவும் நிறைந்த காட்சிக்குத்தான் அதிக இடம் தேவைப்படுகிறது. மூன்று தட்டுகளாகப் பிரித்து எஸ்பியில் பதியுங்கள்.

8.5 ஜிபி கொண்ட இரண்டடுக்குத் தட்டு இருக்கிறதே என்று அடுத்துக் கேட்பார்கள். பழைய பிளேயர்களில் அது ஓடாமல் போகும் வாய்ப்பு அதிகம். ஓடினாலும் அடுக்கு மாறும் இடத்தில் படம் ஒரு கணம் நிற்கக்கூடும். இரண்டு ஓரடுக்குத் தட்டுகளே நல்லது.

முதல் ஒரு மணி நேரம் நல்லா ஓடிட்டு, சரியா தாலி கட்டுற இடத்துல வந்து நின்னு நின்னு போகுதுங்க. அது ஏன்?

டிவிடியில் பதிவு நடுவிலிருந்து வெளிவிளிம்பை நோக்கிச் செல்கிறது. கடைசிப் பகுதி மட்டும் தடுமாறினால் கோளாறு பெரும்பாலும் வெளிவிளிம்பில் இருக்கிறது என்று பொருள். காரணங்கள் மூன்று. ஒன்று, மிக வேகமாக எழுதியது: தட்டில் 16 என்று போட்டிருந்தாலும் 4 அல்லது 8 மடங்கு வேகத்தில் எழுதுங்கள்; 4 மடங்கில் முழுத் தட்டுக்குச் சுமார் 15 நிமிடம்தான் ஆகிறது. இரண்டு, மேலே ஒட்டிய வட்டக் காகிதம். மணமக்கள் படத்தை அச்சிட்டு ஒட்டுவது அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது சிறிது விலகி ஒட்டினாலும் சுழலும்போது தட்டு ஆடும். ஈரக்காற்றில் காகிதம் சுருங்கி விரியும்போது தட்டையும் வளைக்கும். ஒட்டிய காகிதத்தை உரிக்கவும் கூடாது. அச்சிட வேண்டுமானால், நேரடியாக அச்சேறும் வெள்ளைப் பரப்புள்ள தட்டுகள் இருக்கின்றன.

மூன்றாவது காரணம் படத்தின் அடர்த்தி. டிவிடி வீடியோவுக்கு நொடிக்கு 9.8 மெகாபிட் வரை அனுமதி உண்டு. அந்த எல்லையைத் தொட்டு எழுதிய தட்டை, வீட்டில் எழுதும் தட்டுகளைப் படிக்கத் திணறும் பிளேயரில் போட்டால் தடுமாறும். 6 அல்லது 7 மெகாபிட்டில் நிறுத்தினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பிளேயருக்குத் தெரியும். ஏற்கெனவே தடுமாறுகிற தட்டாக இருந்தால், கம்ப்யூட்டர் டிரைவில் பொறுமையாகப் படித்து ஹார்ட் டிஸ்கில் எடுத்து, மெதுவான வேகத்தில் புதிய தட்டில் எழுதுவதே வழி.

ஹேண்டிகேம்ல எடுத்த சின்ன டிவிடியைக் கார் பிளேயர்ல போடலாமுங்களா?

வேண்டாம். அது 8 செ.மீ. தட்டு. டிரே வெளியே நீண்டு வந்து வாங்கும் பிளேயர்களில், டிரேயின் நடுவில் உள்ள சிறிய பள்ளத்தில் அது சரியாக உட்காரும். கார் பிளேயரைப் போல ஒரு பிளவு வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும் இயந்திரங்களில் போட்டால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சின்னத் தட்டுக்கும் மூடும் வேலை உண்டு, அதை அந்தக் கேமராவில்தான் செய்யவேண்டும். பேட்டரியை நம்பாமல் அடாப்டரை இணைத்துச் செய்யுங்கள். எஸ்பியில் ஒரு பக்கத்துக்குச் சுமார் அரை மணி நேரம்தான் அடங்கும் என்பதால், ஒரு குடும்பத்தில் இருபது முப்பது சின்னத் தட்டுகள் இருப்பது வழக்கம். அவற்றில் மூடாதவை எவை என்று கேமரா வேலை செய்யும்போதே பிரித்துவிடுங்கள்.

அமெரிக்காவுல இருக்கிற தங்கச்சிக்கு அனுப்புனோம், ஓடலைங்கறா. துபாய்ல அண்ணன் வீட்டுல ஓடுது. ரீஜன் பிரச்சினைங்களா?

ரீஜன் அல்ல. எந்தப் பகுதி நாடுகளில் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் ரீஜன் எண், கடையில் விற்கும் படத் தட்டுகளில்தான் இருக்கும். இந்தியாவுக்கு 5, வளைகுடாவுக்கு 2, அமெரிக்காவுக்கு 1. வீட்டில் பதிந்த தட்டில் பொதுவாக அந்தத் தடை எதுவும் இருக்காது. இங்கே வித்தியாசம் டிவி முறையில் இருக்கிறது. நாமும் துபாயும் 'பால்' (PAL) என்ற முறை, அமெரிக்கா 'என்டிஎஸ்சி' (NTSC) என்ற முறை; அங்கே 720க்கு 480 புள்ளிகள், நொடிக்கு 29.97 படங்கள். நம் பக்கத்துப் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும், அங்கே விற்கும் பிளேயர்களில் பல பால் தட்டை ஏற்பதில்லை. தங்கை அதைக் கம்ப்யூட்டரில் போட்டால் தடையின்றி ஓடும். பிளேயரில்தான் பார்க்கவேண்டும் என்றால் என்டிஎஸ்சிக்கு மாற்றி எழுதி அனுப்புங்கள்.

புது லேப்டாப்புல டிவிடி போட்டாப் பாட்டும் வரலை, படமும் வரலைங்க.

விண்டோஸ் 8 முதல், டிவிடி படம் ஓட்டும் வசதி விண்டோஸின் தன் பிளேயரில் கிடையாது. விஎல்சியை நிறுவிக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் டிரைவே இல்லாவிட்டால், யூஎஸ்பியில் இணைக்கும் டிரைவ் இன்னும் கடைகளில் கிடைக்கிறது. தட்டுகள் உள்ள வீட்டில் அப்படி ஒன்று இருப்பது நல்லது. ப்ளூரே பிளேயரிலும் டிவிடி ஓடும், ஆனால் மூடாத தட்டுக்கும் விஆர் மோட் தட்டுக்கும் மேலே சொன்ன தடைகளே அங்கும் பொருந்தும்.

பூசணம் பிடிச்ச மாதிரி வெள்ளையா இருக்குதுங்க. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா ஓடும்னு சொன்னாங்களே?

முதலில் தேய்க்காதீர்கள். மெல்லிய பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நடுத்துளையிலிருந்து வெளிவிளிம்புக்கு நேர்க்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் உண்டாகும் கீறல், பதிவு ஓடும் திசையிலேயே அமைந்து நீண்ட பகுதியை மறைக்கும். குறுக்குக் கீறலைப் பிளேயர் சமாளித்துத் தாண்டிவிடும். டிவிடி என்பது 0.6 மி.மீ. கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டியது. பதிவு அவற்றுக்கு நடுவில் இருக்கிறது. எனவே மேலோட்டமான கீறல் பதிவைத் தொடுவதில்லை. பேஸ்டுக்கு இருக்கும் சொரசொரப்பு, மெல்லிய கீறலைத் தேய்த்துக் குறைக்கக்கூடும், தெளிவாக இருந்த இடத்தை மங்கலாக்கவும் கூடும். இருக்கிற ஒரே பிரதியின்மேல் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

விரிசல் விட்ட தட்டை மட்டும் எந்த டிரைவிலும் போடாதீர்கள். கம்ப்யூட்டர் டிரைவ் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை அதைச் சுழற்றும்போது, தட்டு உள்ளேயே நொறுங்கிவிடும்.

எங்க அப்பச்சி பேசுனது இந்த ஒரு டிவிடில மட்டும்தானுங்க இருக்குது. இதைக் காலத்துக்கும் வெச்சிருக்க என்ன பண்ணணும்?

இன்றைக்கே ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுங்கள். வீட்டில் எழுதும் தட்டில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் பூச்சு. வெயிலும் வெப்பமும் ஈரமும் அதை மெல்ல மங்கச் செய்யும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் கோடை வெயிலும் உள்ள நம் பக்கத்தில் ஓட்டு வீட்டு அட்டாலியும், டிவிக்கு மேலுள்ள பலகையும் அதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. உறைக்குள் வைத்து, புத்தகம் போல நிற்கவைத்து, இருட்டான அலமாரியில் வையுங்கள்.

பிரதி எடுக்கும்போது தட்டு முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ பைலாக எடுத்துக்கொண்டால், பின்னர் எத்தனை தட்டு வேண்டுமானாலும் மூலத்தைப் போலவே எழுதலாம். மொபைலில் பார்ப்பதற்கு அதிலிருந்து ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் மூலம் எம்பி 4 செய்துகொள்ளுங்கள், ஆனால் அதைச் செய்த பிறகு ஐஎஸ்ஓவை அழிக்க வேண்டாம். எம்பி 4க்கு மாறும்போது தரம் குறைகிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் குறைகிறது. ஹார்ட் டிஸ்க் ஒன்று உங்களிடமும் இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமும் இருக்கட்டும். பிரதி முழுவதையும் ஒருமுறை ஓட்டி, அப்பச்சி பேசுகிற கடைசி வார்த்தை வரை கேட்டுவிட்டு, அதன் பிறகு தட்டை உறையில் போடுங்கள்.